டிக்டாக் இருந்த காலம்

டிக்டாக் என்று சொன்னதும் சிலர் ஒரு இளக்காரச் சிரிப்பு சிரிப்பார்கள். இந்தியாவில் அதற்குத் தடை வந்து வருடங்கள் ஓடிவிட்டன, சிரிப்பு மட்டும் போகவில்லை. ரீல்ஸில் யாராவது கொஞ்சம் கூடுதலாக முகத்தைக் கோணினால் "டிக்டாக் கேஸு" என்று கமெண்ட் விழுகிறது. அப்படி எழுதுகிறவரும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போர்வைக்குள் படுத்துக்கொண்டு ரீல்ஸைத் தள்ளிக்கொண்டு இருப்பவர்தான். ரீல்ஸே டிக்டாக்கைப் பார்த்துச் செய்ததுதானே என்று கேட்டால், "அது வேற, இது வேற" என்பார்.

என் கட்சியும் அதுதான். அது வேற, இது வேற. ஆனால் அவர் நினைக்கிற காரணத்துக்காக இல்லை.

தமிழ்நாட்டில் வாயசைப்பு டிக்டாக்கோடு வந்த பழக்கம் இல்லை. 2015 வாக்கில் டப்ஸ்மாஷ் என்று ஒரு ஆப் வந்தது நினைவிருக்கும். பெர்லினில் செய்தது. ஒரு வசனத்தை ஓடவிட்டு, அதற்கு வாயசைத்து, எடுத்ததை வாட்ஸ்அப்பில் நாலு பேருக்கு அனுப்புவார்கள். படம் பார்த்து வசனம் மனப்பாடம் செய்கிற ஊருக்கு இது போதாதா? வடிவேலுவுக்கு வாயசைக்காத ஹாஸ்டல் ரூம் அப்போது இருந்திருக்காது. ஆனால் அதில் எடுத்தது, யாருக்கு அனுப்பினோமோ அவரோடு முடிந்துவிடும். ஊர் பேர் தெரியாத ஒருவர் வந்து பார்ப்பதற்கு வழி கிடையாது.

அந்த வழியைத் திறந்தது மியூசிக்கலி. ஷாங்காயில் அலெக்ஸ் ஜூ, லூயூ யாங் என்ற இருவர் 2014இல் கொண்டுவந்தது. முதலில் அவர்கள் செய்யப் பார்த்தது பாடம் நடத்துகிற குட்டி வீடியோக்கள். ஒருத்தரும் சீந்தவில்லை. அப்புறம்தான் பாட்டுக்கு வாயசைக்கிற 15 விநாடி ஆப்பாக மாற்றினார்கள், அமெரிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அள்ளிக்கொண்டார்கள். இந்தப் பக்கம் பீஜிங்கில் ஜாங் யிமிங் என்பவர் 2012இல் பைட்டான்ஸ் கம்பெனியைத் தொடங்கி, தௌதியாவ் என்ற செய்தி ஆப்பை நடத்திக்கொண்டிருந்தார். அதில் எந்தச் செய்தி மேலே வரவேண்டும் என்று முடிவு செய்ய ஆசிரியர் குழு கிடையாது. நீங்கள் எதைத் தொட்டீர்கள், எதில் எவ்வளவு நேரம் நின்றீர்கள் என்று பார்த்துவிட்டு அடுத்ததை அதுவே எடுத்துப்போடும். இதே மூளையை வீடியோவுக்கு மாட்டி, 2016இல் சீனாவுக்குள் டௌயின், 2017இல் வெளிநாடுகளுக்கு டிக்டாக் என்று விட்டார்கள். அந்த வருடக் கடைசியிலேயே மியூசிக்கலியை விலைக்கு வாங்கினார்கள். 2018 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரண்டும் ஒன்றாயின. மியூசிக்கலி வைத்திருந்தவர்களின் போனில் ஐகானே மாறிவிட்டது. எங்கள் பக்கம் அதற்கப்புறமும் நெடுநாள் "மியூசிக்கலி பண்ணுதா" என்றுதான் பேசிக்கொண்டார்கள்.

ஜியோவைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. 2016 செப்டம்பரில் வந்தது, மறு வருடம் மார்ச் வரைக்கும் ஓசி. ஒரு ஜிபியை மாதம் பூராவும் வைத்து இழுத்த வீடுகளில் தினம் ஒரு ஜிபி கொட்டியது. அதைச் செலவழிக்க என்ன இருந்தது? யூடியூபில் எதையாவது தேடவேண்டும், தேடுவதற்கு எழுத்துக் கூட்டித் தட்டத் தெரியவேண்டும். ஃபேஸ்புக்கில் எதையாவது எழுதவேண்டும். டிக்டாக் இது இரண்டையும் கேட்கவில்லை. திறந்தால் வீடியோ ஓடும். பிடிக்காவிட்டால் மேலே தள்ளினால் போதும்.

இனி என் சித்தி கதைக்கு வருகிறேன்.

சித்தி தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்தில் பீடி சுற்றுகிறவள். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவராவது பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும், நூல் உருண்டை. இலையைக் கத்தரியால் அளவாக வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, தலையை நகத்தால் மடக்கி, நூலைக் கட்டி அறுத்தால் ஒரு பீடி. கண் டிவியில் இருக்கும், கை பாட்டுக்கு ஓடும். மகன் வாங்கிக்கொடுத்த போனில் அவன்தான் டிக்டாக்கை ஏற்றிக்கொடுத்தான், அவன் எடுக்கிற வீடியோவுக்குச் சித்தி லைக் போடவேண்டும் என்பதற்காக. பத்து நாளில் சித்தி தானே எடுக்கத் தொடங்கிவிட்டாள்.

அவள் எடுப்பதை நான் கூட இருந்து பார்த்திருக்கிறேன். மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம், வாசல் வெளிச்சம் உள்ளே விழுகிற நேரம்தான் அவளுக்குக் கணக்கு. அரிசி டிரம்மின் மேல் செம்பை வைத்து, செம்பில் போனைச் சாத்துவாள். போன் வழுக்கினால் அடியில் ஒரு நூல் உருண்டை முட்டுக்கொடுக்கும். முதலில் ஆடியோ. வேறு யாரோ எடுத்த வீடியோவில் பிடித்த வசனம் வந்தால், கீழே மூலையில் சுற்றிக்கொண்டிருக்கும் இசைத்தட்டை அமுக்குவாள், அந்த ஆடியோவுக்கு வாயசைத்த அத்தனை பேரும் வரிசையாக வந்து நிற்பார்கள். ஒவ்வொருத்தரும் எந்த இடத்தில் கண்ணை உருட்டியிருக்கிறார்கள், எங்கே கையைச் சொடுக்கியிருக்கிறார்கள் என்று பார்த்துவைத்துக்கொண்டு, "இவளுவ எல்லாம் அந்த 'ம்' சத்தத்த விட்டுட்டாளுவ பாரேன்" என்பாள். டைமரை அமுக்கிவிட்டு ஓடிப்போய் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொள்வதற்குள் ரெக்கார்டிங் தொடங்கிவிடும். சரியாக வரும்வரை அழித்து அழித்து எடுப்பாள். அந்த "ம்" சத்தத்தை அவள் விட்டதே இல்லை.

இவ்வளவு பாடுபட்டு எடுத்ததெல்லாம் சுமாராகத்தான் போயின. ஒரு நாள் வாயசைக்காமல், பழைய பாட்டு ஒன்றை ஓடவிட்டு, பீடி சுற்றுகிற கையை மட்டும் எடுத்துப் போட்டாள். லட்சத்தைத் தாண்டியது. கோலார் தங்கவயலில் இருந்து ஒருவர், மலேசியாவில் இருந்து ஒருவர், எங்கேயோ ஒரு லாரி ஓட்டுநர், "எங்க அம்மாவும் இப்படித்தான் சுத்துவாங்க" என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். சித்திக்குக் கமெண்டை வாசிக்க நேரமாகும். எழுத்துக் கூட்டி ஒவ்வொன்றாக வாசித்தாள். "தெரியாத ஆளுவல்லாம் அக்கா அக்கான்னு போடுதாவ" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இதில் கவனிக்க வேண்டியது அந்தத் தெரியாத ஆளுகளைத்தான். ஃபேஸ்புக்கில் ஒரு வீடியோ போட்டால் முதலில் யார் பார்ப்பார்கள்? மச்சான், நாத்தனார், கூடப் படித்தவர், மாமனார் வழிச் சொந்தம். அவர்கள் கைதட்டினால்தான் அது அடுத்த வட்டத்துக்குப் போகும். டிக்டாக் இதைத் தலைகீழாகச் செய்தது. புதிதாக வந்த வீடியோவை உங்களை முன்பின் தெரியாத கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் கடைசி வரை பார்க்கிறார்களா, திரும்பவும் பார்க்கிறார்களா, யாருக்காவது அனுப்புகிறார்களா என்று கவனிக்கும். தேறினால் இன்னும் கொஞ்சம் பேருக்கு, அங்கும் தேறினால் இன்னும் பெரிய கூட்டத்துக்கு. 2020 ஜூனில் அந்த நிறுவனமே, திறந்ததும் வீடியோ ஓடுகிற தன் 'ஃபார் யூ' பக்கம் எப்படி இயங்குகிறது என்று விளக்கி எழுதியது. ஒருவருக்கு எத்தனை ஃபாலோயர் என்பதோ, அவருடைய முந்தைய வீடியோ ஓடியதா என்பதோ நேரடிக் கணக்கில் வராது என்று அதில் சொல்லியிருந்தார்கள். அதை எழுதி இரண்டு வாரத்துக்குள் இந்தியாவில் கடையை மூடவேண்டி வந்தது தனிக்கதை.

சித்தி மாதிரி ஒருத்திக்கு இது பணத்தைவிடப் பெரிய விஷயம். ஊரில் அவளைத் தெரிந்தவர்கள் பார்த்தால் என்ன சொல்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. தெரியாதவர்கள்தான் அவள் செய்ததை, செய்ததாக மட்டும் பார்த்தார்கள். கட்டட வேலை முடித்துச் சாரத்தில் நின்றபடியே ஆடியவர்கள், ஆட்டுக் கிடை ஓரத்தில் பாட்டுக்கு வாயசைத்த தாத்தாக்கள், திருநங்கைகள், வளைகுடாவில் எட்டுப் பேர் தங்கும் அறையில் ஊர் ஏக்கத்தை வசனமாகப் பேசியவர்கள் என்று, அதுவரைக்கும் கேமராவுக்குப் பின்னாலோ கேமராவே வராத இடத்திலோ இருந்தவர்களெல்லாம் அந்தத் திரையில் வந்தார்கள். உடன்குடியில் மரவேலை செய்துகொண்டிருந்த ஜி.பி. முத்து அப்படி வந்தவர்தான்.

நல்லது மட்டும் நடந்தது என்று சொன்னால் பொய். தெரியாத ஆள் 'அக்கா' என்று எழுதுகிற அதே இடத்தில்தான் இன்னொரு தெரியாத ஆள் வாயில் வராத வார்த்தையையும் எழுதினான். பெண்கள் வீடியோவோடு டூயட் போட்டு, அதாவது தன் வீடியோவைப் பக்கத்தில் ஒட்டி, ஆபாசமாகச் சைகை காட்டியவர்கள் உண்டு. அரிவாளோடு நின்று சாதிப் பெருமை பேசிக் கைதானவர்கள் உண்டு. திருத்தணிப் பக்கம் ஒரு வீடியோவில் பேசிய சாதி வசை கொலையில் போய் முடிந்தது. ரயில் முன்னால், ஏரி நடுவில் வீடியோ எடுக்கப் போய்ச் செத்த பிள்ளைகள் செய்தி மாதத்துக்கு ஒன்றாவது வரும். என்ன பார்க்கிறார்களோ அதையே இன்னும் கொடு என்பதுதான் அந்த இயந்திரத்துக்குத் தெரியும். என்ன பார்க்கிறார்கள் என்பது அதற்குப் பொருட்டே இல்லை. நடுவில் ஒரு நல்லதும் நடக்கும். 2019இல், வீட்டைவிட்டுப் போய் மூன்று வருடம் ஆன ஒருவரை அவர் உறவினர் டிக்டாக் வீடியோவில் அடையாளம் கண்டு சொல்ல, விழுப்புரம் போலீஸ் கண்டுபிடித்தது. மனைவி சந்தோஷப்பட்டாரா, அடித்து விரட்டினாரா என்று நாங்கள் வீட்டில் ரெண்டு நாள் விவாதித்தோம்.

இந்தியாவில் தடை என்ற பேச்சை முதலில் எடுத்ததும் தமிழ்நாடுதான். 2019 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் உறுப்பினர் தமிமுன் அன்சாரி தடை கேட்க, அப்போதைய தகவல் தொழில்நுட்பத் துறை அமைச்சர் மணிகண்டன் மத்திய அரசிடம் பேசுவதாகச் சொன்னார். ஏப்ரல் 3ஆம் தேதி, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் நீதிபதிகள் கிருபாகரன், எஸ்.எஸ். சுந்தர் அமர்வு, இனி யாரும் டிக்டாக்கைப் பதிவிறக்க முடியாதபடி தடை செய்யச் சொல்லி மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. டிக்டாக் வீடியோக்களை டிவியில் ஒளிபரப்பவும் கூடாது. இரண்டு வாரத்தில் கூகுளும் ஆப்பிளும் தங்கள் கடைகளிலிருந்து அதை எடுத்துவிட்டன. ஒரு நாளைக்கு 5 லட்சம் டாலர் வரை நஷ்டம் என்று பைட்டான்ஸ் நீதிமன்றத்தில் கணக்குச் சொன்னது. விதிமீறிய வீடியோக்கள் 60 லட்சத்துக்கு மேல் அழித்துவிட்டோம் என்றும் சொன்னது. நீதிமன்றத்துக்கு உதவ நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் அரவிந்த் தாத்தார், தடை தீர்வாகாது என்று வாதாடினார். ஏப்ரல் 24ஆம் தேதி நிபந்தனையோடு தடை நீங்கியது.

அந்த மூன்று வாரமும் எங்கள் பக்கத்தில் யாரும் எதையும் இழந்ததாகத் தெரியவில்லை. ஏற்கெனவே போனில் இருந்த ஆப் பாட்டுக்கு ஓடியது. புதிதாக வேண்டும் என்றவர்களுக்கு, ஏற்றி வைத்திருந்தவர்கள், போனிலிருந்து போனுக்கு நேரே அனுப்புகிற ஷேரிட், ஜென்டர் ஆப்களில் தள்ளிவிட்டார்கள். டீக்கடை பெஞ்சில் அஞ்சு நிமிட வேலை. அடுத்த வருடம் மத்திய அரசு தடை செய்த 59 ஆப் பட்டியலில் டிக்டாக்கோடு ஷேரிட்டும் ஜென்டரும் சேர்ந்தே போயின என்பதை வாசித்தபோது, யாரோ எங்கள் டீக்கடையில் உட்கார்ந்து குறிப்பெடுத்திருக்கிறார்கள் என்றுதான் தோன்றியது.

2020 மார்ச்சில் ஊரடங்கு. பீடிக் கம்பெனிகள் மூடின, சித்திக்கு இலையும் தூளும் வரவில்லை. தட்டு பரணுக்குப் போயிற்று. வேலை இல்லாத கைக்கு டிக்டாக்தான் வேலை. அவள் மட்டும் இல்லை, ஊரே அதில்தான் கிடந்தது. ஆஸ்திரேலியாவில் வீட்டுக்குள் அடைந்துகிடந்த கிரிக்கெட் வீரர் டேவிட் வார்னர் மனைவி மகளோடு தெலுங்குப் பாட்டுக்கு ஆடினார். உலகம் பூராவும் 200 கோடிப் பதிவிறக்கத்தை டிக்டாக் அந்த ஏப்ரலில் தாண்டியது. அதில் 61 கோடி இந்தியாவில் என்று ஆப்களைக் கணக்கெடுக்கிற சென்சார் டவர் நிறுவனம் சொன்னது. ஒரே ஆள் பல தடவை ஏற்றியதும் அதில் சேரும். இருந்தாலும் மாதாமாதம் திறந்து பார்ப்பவர்களே சுமார் 20 கோடி என்றார்கள். சீனாவுக்கு வெளியே இவ்வளவு பெரிய கூட்டம் அதற்கு வேறெங்கும் இல்லை.

மே மாதம் யூடியூப்காரர்களுக்கும் டிக்டாக்காரர்களுக்கும் சண்டை வந்தது. கேரிமினாட்டி என்ற யூடியூபர் ஒரு டிக்டாக்காரரைக் கிழித்துப் போட்ட வீடியோவை யூடியூப் நீக்கியது, அவருடைய ரசிகர்கள் ப்ளே ஸ்டோருக்குப் போய் டிக்டாக்குக்கு ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தாளித்தார்கள். நாலரையில் இருந்த மதிப்பெண் ஒன்றரைக்கும் கீழே விழுந்தது. லட்சக்கணக்கான அந்த மதிப்புரைகளைக் கூகுள் அப்புறம் அழித்தது. அந்தச் சண்டையில் பறந்த வசவுகளை வாசித்துப் பாருங்கள். முக்கால்வாசி வீடியோவைப் பற்றி இருக்காது. நிறம், உடை, பேச்சு, வேலை, ஊர். நான் முதலில் சொன்ன இளக்காரச் சிரிப்பின் ஊற்று அங்கேதான். தன்னை விட ஒரு படி கீழே என்று வைத்திருந்தவன் தன்னை விட அதிகம் பேர் பார்க்கும் இடத்தில் நிற்பதைப் பொறுக்கமுடியாத எரிச்சல். சென்னையில் இருந்து எழுதுகிற பெரிய மனிதர்கள் சிலரும் அந்த நாட்களில் இதையே கொஞ்சம் நாகரிகமான தமிழில் எழுதினார்கள்.

ஜூன் 15ஆம் தேதி இரவு லடாக் எல்லையில் கல்வானில் சீனப் படையோடு மோதல். 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள், அவர்களில் ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனியும் ஒருவர். தமிழ்நாட்டில் அந்த வாரம் வாட்ஸ்அப்பைத் திறந்தால் அவர் படம்தான். சீனப் பொருளை ஒதுக்கு என்று ஒவ்வொரு குழுவிலும் பார்வர்டு வந்தது, அனுப்பினவர் போன் எந்த ஊரில் செய்தது என்று கேட்கக்கூடாது. ஜூன் 29, திங்கட்கிழமை சாயங்காலம் அறிவிப்பு வந்துவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவின் கீழ், நாட்டின் இறையாண்மைக்கும் பாதுகாப்புக்கும் ஊறு என்று 59 ஆப்களுக்குத் தடை. மறுநாள் கடைகளிலிருந்து ஆப் மறைந்தது, அன்றே போனில் இருந்ததும் நின்றது. திறந்தால், அரசு உத்தரவின்படி நடந்துகொண்டிருக்கிறோம், உங்கள் தகவல் பத்திரமாக இருக்கும் என்கிற மாதிரி ஒரு அறிவிப்பு மட்டும். அஸ்வின் ட்விட்டரில் வார்னரை இழுத்துக் கலாய்த்தார், எல்லோரும் சிரித்தோம்.

ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று சொல்கிறேன். வைன் என்று ஒரு ஆப் இருந்தது. ஆறு விநாடி வீடியோ, திரும்பத் திரும்ப ஓடும். ட்விட்டர் வாங்கி 2013இல் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஓகோ என்று ஓடியது. 2015இல் அதன் பெரிய நட்சத்திரங்கள் பதினெட்டுப் பேர் கூடிப்போய், எங்களால்தான் உங்களுக்குக் கூட்டம், ஆளுக்கு 12 லட்சம் டாலர் கொடுங்கள் என்று கேட்டார்கள். கம்பெனி மறுத்தது, அவர்கள் நடையைக் கட்டினார்கள், மறு வருடம் அக்டோபரில் மூடப்போகிறோம் என்ற அறிவிப்பு வந்தது. அது ஒழுங்கான வீழ்ச்சி. கேட்டார்கள், கொடுக்கவில்லை, போனார்கள். மூடும் முன்னால் வீடியோக்களை இறக்கிவைத்துக்கொள்ள அவகாசமும் கொடுத்தார்கள். இந்திய டிக்டாக்கில் இந்த மாதிரி எதுவும் நடக்கவில்லை. பிடிக்காமல் யாரும் போகவில்லை, பணம் கேட்டு யாரும் சண்டை போடவில்லை. சொல்லப்போனால் எத்தனை பேர் பார்த்தார்களோ அதற்குத் தக்கபடி காசு கொடுக்கிற ஏற்பாடும் இங்கே டிக்டாக்கில் இல்லை. அமெரிக்காவில் அதற்கென்று நிதி ஒதுக்கியதே இங்கே தடை வந்த மறுமாதம்தான். கூட்டம் உச்சத்தில் இருந்தபோது ஒரே நாளில் விளக்கு அணைந்தது.

தடை சரியா தப்பா என்று கேட்டால், ஒரு அயல்நாட்டுக் கம்பெனி கையில் 20 கோடிப் பேருடைய பழக்கவழக்கம் இருப்பதைப் பற்றி ஒரு அரசு கவலைப்படுவதில் தப்பில்லை என்பேன். ஆனால் அமெரிக்கா இதே கவலையைப் பட்டபோது, நாடாளுமன்றத்தில் கம்பெனித் தலைவரை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள், சட்டம் போட்டார்கள், வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரியில் தீர்ப்பு வந்தது, ஆப் ஒரு ராத்திரி நின்று மறுநாளே வந்துவிட்டது. இங்கே ஒரு பத்திரிகைக் குறிப்போடு முடிந்தது. இருபது பேர் செத்த துக்கத்தில் அதைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் வரவில்லை. 2021 ஜனவரியில் தடை நிரந்தரமானபோது செய்தித்தாளில் அது ஒரு ஓரச் செய்தி.

இடம் காலியானதும் கிளம்பினார்கள் பாருங்கள், அது ஒரு கூத்து. பிரதமர் பேச்சை நினைவூட்டுகிற பெயரில் மித்ரோன் என்று ஒரு ஆப் தடைக்கு முன்பே வந்திருந்தது. சுதேசி, தேசபக்தி என்று அதை லட்சக்கணக்கில் ஏற்றினார்கள். அப்புறம்தான் தெரிந்தது, அதன் புரோகிராம் 34 டாலருக்கு, அதாவது சுமார் 2,600 ரூபாய்க்கு இணையக் கடையில் வாங்கியது என்று. விற்ற கம்பெனி இருப்பது பாகிஸ்தானில். சிங்காரி என்ற இன்னொரு உள்நாட்டு ஆப்பை ஏற்றினவர்களும் ஏராளம். ஷேர்சாட் சில நாளில் மோஜ் கொண்டுவந்தது, எம்எக்ஸ் டகாடக் வந்தது, டெய்லிஹன்ட் ஜோஷ் கொண்டுவந்தது. ஜூலை 8ஆம் தேதியே இன்ஸ்டாகிராம் இந்தியாவில் ரீல்ஸைத் திறந்துவிட்டது, செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸ். டகாடக்கை 2022இல் ஷேர்சாட் வாங்கி மோஜோடு சேர்த்துக்கொண்டது. சிங்காரி கிரிப்டோ நாணயம் விடப் போனது. கடைசியில் சந்தை யார் கைக்குப் போயிற்று என்று சொல்லத் தேவையில்லை, உங்கள் கையிலேயே இருக்கிறது.

எல்லோரும் நகலெடுத்தது திரையைத்தான். செங்குத்து வீடியோ, வலது பக்கம் இதயம், கீழே சுற்றுகிற தட்டு. 2,600 ரூபாய்க்குக் கிடைக்கிற சரக்கு அது. எந்த வீடியோவை யாருக்குக் காட்டுவது என்கிற விஷயம் அந்த விலைக்குக் கிடைக்காது.

தடை வந்த ராத்திரி டிக்டாக் நின்றுபோகும் முன்னால் பலர் அழுதுகொண்டே "என்னை யூடியூப்ல பாருங்க, இன்ஸ்டால வாங்க" என்று வீடியோ போட்டார்கள். ஏற்கெனவே பெயர் எடுத்தவர்களுக்கு அது பலித்தது. ஜி.பி. முத்து யூடியூபில் தனக்கு வந்த கடிதங்களைப் பிரித்து வாசித்தே ஊரைச் சிரிக்கவைத்தார், சினிமாவில் வந்தார், 2022இல் பிக் பாஸ் வீட்டுக்குள் போய், மகனைப் பார்க்கவேண்டும் என்று இரண்டு வாரத்தில் தானே வெளியே வந்தார். அவரைக் காட்டி, திறமை இருந்தால் எங்கேயும் பிழைக்கலாம் என்பார்கள். அவருக்குக் கீழே ஆயிரம், இரண்டாயிரம் பேர் பார்க்கிற அளவில் இருந்த எத்தனையோ பேர் எங்கே போனார்கள் என்று யாரும் தேடவில்லை.

எனக்குத் தெரிந்த ஒருத்தி எங்கே போனாள் என்று சொல்கிறேன். உள்நாட்டு ஆப் ஒன்றில் கொஞ்ச நாள் இருந்து பார்த்தாள். "இதுல ஒரே ஆளத்தான் திருப்பித் திருப்பிக் காட்டுது" என்று எடுத்துவிட்டாள். மகன் இன்ஸ்டாகிராமில் கணக்குத் தொடங்கிக்கொடுத்தான். போன் நம்பரைக் கொடுத்ததும் அதில் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். முதல் வீடியோவுக்கு வந்த கமெண்ட், சித்தப்பாவின் அண்ணன் மகன் போட்ட சிரிப்பு முகம். இரண்டாவது வீடியோவுக்கு யாரும் கமெண்ட் போடவில்லை, நேரே சித்தப்பாவுக்குப் போன் வந்தது. "இந்த வயசுல இதெல்லாம் எதுக்கு, பொண்ணு கேட்டு வார நேரம்" என்று. டிக்டாக்கில் அவள் வருடக்கணக்கில் எடுத்ததை அந்தச் சொந்தங்களில் ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை. அவர்கள் கண்ணில் படாமலேயே லட்சம் பேர் பார்த்தார்கள். இங்கே லட்சம் பேரும் வரவில்லை, சொந்தம் மட்டும் வந்தது. மூன்றாவது வீடியோ எடுக்கவில்லை.

எடுத்த வீடியோக்களில் மிச்சம் இருப்பது, யாருக்காவது வாட்ஸ்அப்பில் அனுப்பினது மட்டும்தான். மேல் மூலையிலும் கீழ் மூலையிலும் அந்த லோகோவும் அவளுடைய ஐடியும் மாறி மாறிக் குதித்துக்கொண்டிருக்கும். கை வீடியோ அதில் இல்லை. அதை யாருக்கும் அனுப்பவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை, அதுதான் லட்சம் பேர் பார்த்ததே.

2025 ஆகஸ்டில் திடீரென்று டிக்டாக் இணையதளம் சிலருக்குத் திறந்தது. ஆப் இல்லை, முகப்புப் பக்கம் மட்டும். அதற்குள் யூடியூப் சேனல்கள் "டிக்டாக் வந்தாச்சு" என்று தம்ப்நெயில் போட்டுவிட்டன. தடையை நீக்கி எந்த உத்தரவும் போடவில்லை என்று அரசு மறுத்தது. அந்த ரெண்டு நாளில் சித்தியிடமிருந்து எனக்குப் போன்.

"ஏல, டிக்டாக் வருதாமே?"

"இல்ல சித்தி, சும்மா கெளப்பி விடுதாங்க."

"வந்தா என் பழைய ஐடி வருமா?"

அந்த ஐடி பழைய ஜியோ நம்பரில் இருந்தது. ரீசார்ஜ் பண்ணாமல் அந்த நம்பர் செத்து, இப்போது வேறு யாரிடமோ இருக்கிறது. வராது என்றேன்.

"அப்ப மொதல்லேருந்து வரணுமாக்கும்" என்றாள். பக்கத்தில் கத்தரியால் பீடி இலையை வெட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கம்பெனிகள் எப்போதோ திறந்துவிட்டன. "சரி, வந்தா சொல்லு."